கலிஃபோர்னியாவில் பள்ளி வாரியத் தேர்தலில் நிற்பது எப்படி? முதல்முறை வேட்பாளருக்கான வழிகாட்டி

கலிஃபோர்னியாவில் 2026ஆம் ஆண்டுப் பள்ளி வாரியத் தேர்தல் நாள் நவம்பர் 3. ஆனால் வாக்குச்சீட்டுகள் அக்டோபர் 5ஆம் தேதிக்குள் வாக்காளர் வீடுகளுக்குத் தபாலில் கிளம்பிவிடும். வேட்புமனு வாங்குவது ஆகஸ்ட் 7 மாலையோடு முடிகிறது. வாக்காளர் கையேட்டில் உங்களைப் பற்றி அச்சாகப்போகும் பத்தியையும் அன்றைக்குள் கொடுத்துவிட வேண்டும். ஆகவே வேலையில் முக்கால் பங்கு கோடை விடுமுறையிலேயே நடக்கிறது. பள்ளி திறந்து, மற்ற பெற்றோரோடு பேசி, அதன் பிறகு முடிவு எடுக்கலாம் என்று இருந்தால் கதவு மூடியிருக்கும்.

இங்கே சொல்வது மாநிலத்தின் பெரும்பாலான பள்ளி மாவட்டங்களுக்குப் பொருந்தும். லாஸ் ஏஞ்சலஸ் யூனிஃபைட், சான் ஃபிரான்சிஸ்கோ இரண்டுக்கும் தனி விதிகள் உண்டு. அங்கே இருப்பவர்கள் தங்கள் நகரத் தேர்தல் அலுவலகத்தின் வேட்பாளர் கையேட்டை முதலில் படித்துவிட்டு இதற்கு வரவும்.

நிற்கத் தகுதி இருக்கிறதா?

தகுதிகள் குறைவுதான்: 18 வயது, அமெரிக்கக் குடியுரிமை, அந்தப் பள்ளி மாவட்டத்துக்குள் வீடு, அந்த முகவரியில் வாக்காளர் பதிவு, பதவி வகிக்கச் சட்டத் தடை இல்லாமை. பிள்ளைகள் அந்தப் பள்ளியில் படிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பிள்ளைகளே இல்லாதவரும் நிற்கலாம்.

முதல் தடுக்கல் முகவரி. பல மாவட்டங்கள் இப்போது மொத்த மாவட்டத்துக்கும் சேர்த்துத் தேர்தல் நடத்துவதில்லை. கலிஃபோர்னியா வாக்குரிமைச் சட்டத்தின்கீழ் வழக்கு வரும் என்ற அச்சத்தில் மாவட்டத்தை ‘ட்ரஸ்டி ஏரியா’ எனப்படும் ஐந்து அல்லது ஏழு தொகுதிகளாகப் பிரித்துவிட்டன. உங்கள் ஏரியாவில் நீங்கள் குடியிருக்க வேண்டும். உங்களுக்கு வாக்களிப்பவர்களும் அந்த ஏரியாக்காரர்கள் மட்டுமே. எல்லா ஏரியாவுக்கும் ஒரே ஆண்டில் தேர்தல் வராது. பதவிக்காலம் நான்கு ஆண்டு; பாதி இடங்களுக்கு ஒரு தேர்தல், மீதிக்கு இரண்டு ஆண்டு கழித்து அடுத்தது. உங்கள் ஏரியாவுக்கு 2028இல்தான் முறை என்றால் இந்தக் கோடையில் கூட்டங்களுக்குப் போய் உட்கார்ந்து கவனிப்பதே செய்யக்கூடிய வேலை. மாவட்ட வரைபடத்தில் நீங்களே தேடிப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். கவுண்டி தேர்தல் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, “இந்த முகவரிக்கு எந்தப் பள்ளி மாவட்டம், எந்த ஏரியா, இந்த ஆண்டு அதற்குத் தேர்தல் உண்டா?” என்று கேளுங்கள். ஒரே தெருவின் இரு பக்கமும் வேறு வேறு ஏரியாவாக இருப்பது சாதாரணம்.

குடியுரிமை விஷயத்தில் விளையாட்டுக் கூடாது. கிரீன் கார்டு வைத்திருப்பவர் நிற்க முடியாது, வாக்காளராகப் பதியவும் கூடாது. தெரியாமல் பதிந்துவிட்டாலும் பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தில் அது வந்து நிற்கும். நாடு கடத்தல் வரை போகக்கூடிய குற்றம் அது. சான் ஃபிரான்சிஸ்கோவில் மட்டும் குடியுரிமை இல்லாத பெற்றோர் பள்ளி வாரியத் தேர்தலில் வாக்களிக்க 2016இல் மக்கள் வாக்கெடுப்பால் வழி பிறந்தது. அதையும் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்காமல் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

குடியுரிமை இல்லாதவர்க்கு வேறு வாசல்கள் உண்டு. ஒவ்வொரு பள்ளியிலும் உள்ள ஸ்கூல் சைட் கவுன்சில், மாவட்டத்தின் பெற்றோர் ஆலோசனைக் குழு, பள்ளிக் கட்டடங்களுக்காக மாவட்டம் திரட்டும் கடன் பத்திரப் பணத்தைக் கண்காணிக்கும் குடிமக்கள் குழு ஆகியவற்றில் இடம் கேட்கலாம். பின்னால் தேர்தலில் நிற்பவருக்கு இவற்றைவிட நல்ல பயிற்சி இல்லை. கடன் பத்திரக் குழுவுக்குப் பல இடங்களில் ஆள் கிடைப்பதே இல்லை.

அந்த மாவட்டத்திலேயே ஆசிரியராகவோ ஊழியராகவோ இருப்பவர் போட்டியிடலாம். வென்றால் பதவியேற்குமுன் வேலையை விட வேண்டும். பக்கத்து மாவட்ட ஆசிரியருக்கு இந்தத் தடை இல்லை. கணவனோ மனைவியோ மாவட்டத்தில் வேலை பார்த்தாலும், உங்கள் நிறுவனம் மாவட்டத்துக்கு ஏதாவது விற்றாலும், மனு கொடுக்கும் முன்பே வழக்கறிஞரைப் பாருங்கள். அரசுச் சட்டத் தொகுப்பின் 1090ஆம் பிரிவு ஒப்பந்தத்தில் சொந்த லாபம் வரக்கூடியவர்களை மிகக் கடுமையாக நடத்தும். “நான் அந்த வாக்கெடுப்பில் கலந்துகொள்ளவில்லையே” என்று சொல்வது எல்லா நேரமும் அதற்குப் பதிலாகிவிடாது.

வாரியம் எதைச் செய்யும், எதைச் செய்யாது

இதைத் தெரிந்துகொள்ளாமல் நிற்பவரை வேட்பாளர்களுக்கான முதல் கேள்விபதில் மன்றத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். வாரியம் மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டென்டென்டை நியமிக்கும், மதிப்பிடும், நீக்கும். ஜூலை 1க்குள் வரவு செலவுத் திட்டத்தையும் எல்கேப் என்னும் மூன்றாண்டுத் திட்டத்தையும் நிறைவேற்றும். ஆசிரியர் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தரும். பள்ளி எல்லைகளை மாற்றும், பள்ளியை மூடும், கடன் பத்திரத்தை வாக்காளர் முன் வைக்கும். ஒரு ஆசிரியரை ஒரு வகுப்பிலிருந்து மாற்றுவது, ஒரு மாணவரின் மதிப்பெண்ணைத் திருத்துவது, கணிதப் பாடத்தின் மாநிலச் சட்டகத்தை மாற்றுவது எல்லாம் தனி உறுப்பினரின் அதிகாரத்தில் இல்லை. ஐந்து பேரில் ஒருவருக்குத் தனியாக எந்த அதிகாரமும் கிடையாது; மூன்று கை உயர்ந்தால்தான் எதுவும் நடக்கும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ள இரண்டு மாலை ஒதுக்குங்கள். 2013 முதல் மாநிலம் எல்சிஎஃப்எஃப் என்ற சூத்திரத்தின்படி நிதி தருகிறது. அது சேர்க்கை எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை, சராசரி தினசரி வருகையைப் பார்க்கிறது. பிள்ளை ஊருக்குப் போய் இரண்டு வாரம் வராவிட்டால் மாவட்டத்தின் வரவு குறைகிறது. டிசம்பரில் கிளம்பிப் பொங்கல் முடிந்து திரும்பும் நம் வீடுகளும் இந்தக் கணக்கில் சேரும். சொத்து வரி மிக அதிகமாக வரும் சில மாவட்டங்கள் ‘பேசிக் எய்ட்’ வகை. அங்கே மாணவர் குறைந்தாலும் வரவு அதோடு சேர்ந்து குறையாது. உங்கள் மாவட்டம் எந்த வகை என்று தெரியாமல் “சேர்க்கை குறைகிறது, ஆபத்து” என்று பேசினால் நிதி தெரிந்தவர்கள் சிரித்துவிடுவார்கள்.

படிக்க வேண்டிய தாள்கள் மூன்று: கடைசியாக நிறைவேறிய பட்ஜெட், டிசம்பர் 15க்குள் வரும் முதல் இடைக்கால அறிக்கை, மார்ச் நடுவில் வரும் இரண்டாவது. இடைக்கால அறிக்கையில் ‘பாசிட்டிவ்’, ‘குவாலிஃபைட்’, ‘நெகட்டிவ்’ என்று ஒரு சான்று இருக்கும். இந்த ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டும் செலவுகளைச் சமாளிக்க முடியுமா என்பதற்கு மாவட்டமே தன்னைப் பற்றிச் சொல்லும் பதில் அது. பிறகு கடைசி ஆறு கூட்டங்களின் காணொளிகளைப் பாருங்கள். மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்த வாக்குகள் எவை என்று குறித்துக்கொண்டால் அந்த ஊரின் அரசியல் பிடிபட்டுவிடும்.

தேதிகள்

இவற்றைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

ஜூலை 13: மனுப் படிவங்கள் தரத் தொடங்கும் நாள்.
ஆகஸ்ட் 5: தேர்தலுக்கு முந்தைய 90 நாள் தொடக்கம், பெரிய நன்கொடைகளுக்கு 24 மணி நேர அறிக்கை அன்றிலிருந்து.
ஆகஸ்ட் 7: மனுவும் அறிமுகப் பத்தியும் தரக் கடைசி நாள்.
ஆகஸ்ட் 12: இப்போதைய உறுப்பினர் மனு கொடுக்காத இடத்துக்கு மட்டும் நீட்டிப்பு.
ஆகஸ்ட் 13: வாக்குச்சீட்டில் பெயர் வரிசைக்கான எழுத்துக் குலுக்கல்.
செப்டம்பர் 24, அக்டோபர் 22: தேர்தலுக்கு முந்தைய கணக்கு அறிக்கைகள்.
அக்டோபர் 5: வாக்குச்சீட்டுத் தபால்.
நவம்பர் 3: தேர்தல்.
டிசம்பர் 11: புதிய பதவிக்காலம் தொடங்குவது, அதாவது டிசம்பரின் இரண்டாம் வெள்ளி.

ஆகஸ்ட் 12 நீட்டிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பதவியில் இருப்பவர் மீண்டும் நிற்கவில்லை என்பது பல நேரம் ஆகஸ்ட் 7 மாலைதான் வெளியே தெரியும். அந்த ஐந்து நாளில் புதிதாக இரண்டு மூன்று பேர் குதிப்பார்கள். “போட்டியே இல்லை” என்று 6ஆம் தேதி நிம்மதியாகத் தூங்க வேண்டாம். எதிர்மாறாக, இடங்களின் எண்ணிக்கைக்கு மேல் ஒருவரும் நிற்காவிட்டால் தேர்தலே நடக்காது. உங்கள் பெயர் வாக்குச்சீட்டில் ஏறாமலே நியமனம் கிடைத்துவிடும். சிறிய மாவட்டங்களில் இது அடிக்கடி நடக்கிறது.

மனு கொடுக்கும் நாள்

கவுண்டி தேர்தல் அலுவலகத்தில் நேரம் பதிவு செய்துகொண்டு ஜூலையிலேயே போங்கள். பள்ளி வாரியத்துக்கு மனுக் கட்டணம் கிடையாது, முன்மொழிபவர் கையொப்பங்களும் தேவையில்லை. வேட்பாளர் உறுதிமொழிப் படிவம், சொத்து விவரம் சொல்லும் படிவம் 700, தொழில் விவரத் தாள், அறிமுகப் பத்தி, அதற்கான பணம் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வேறொருவர் உங்களுக்காகப் படிவம் வாங்கிவர வேண்டுமென்றால் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் கேட்பார்கள். கடைசி நாள் கடந்தபின் மனுவைத் திரும்பப் பெற முடியாது.

பெயரில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் ஏறியிருக்கும். அக்கம்பக்கத்தில் வேறு சுருக்கப் பெயர் வழங்கும். எழுத்துக் குலுக்கலில் வரிசை குடும்பப் பெயரை வைத்தே அமைகிறது. அறிமுக அட்டையில் ஒரு பெயர், வாக்குச்சீட்டில் இன்னொன்று என்று இருந்தால் வாக்காளர் தேடிக் கண்டுபிடிக்க மாட்டார். முதலில் வாக்காளர் பதிவில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். இனிஷியல், வழக்கமான சுருக்கம் ஆகியவற்றுக்கு இடமுண்டு. ‘டாக்டர்’, ‘பிஎச்டி’ போன்ற பட்டங்களுக்கு இடமில்லை. கடந்த ஓராண்டுக்குள் பெயரை மாற்றியிருந்தால், திருமணத்தாலோ நீதிமன்ற ஆணையாலோ அல்லாமல் புதிய பெயர் ஏறாது. சீன மொழியில் வாக்குச்சீட்டு அச்சிடும் கவுண்டிகளில் உங்கள் பெயர் சீன எழுத்திலும் வரலாம். 2019இல் வந்த சட்டப்படி அது பெரும்பாலும் ஒலிபெயர்ப்பாகவே இருக்கும். சீன மொழி பேசுபவர் ஒருவரிடம் அதைக் காட்டி, படிக்கும்போது விபரீதமாக ஒலிக்கவில்லையே என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று சொல்லும் இருநூறு சொல்லும்

வாக்குச்சீட்டில் உங்கள் பெயருக்குக் கீழே அதிகபட்சம் மூன்று சொல்லில் உங்கள் தொழில் வரும். உங்களைச் சந்திக்காத வாக்காளர் படிப்பது அந்த மூன்று சொல் மட்டுமே. பலர் அதை வைத்தே குறியிடுவார்கள். இப்போதைய முக்கியத் தொழிலாக இருக்க வேண்டும். இப்போது தொழில் இல்லையென்றால் போன ஆண்டுத் தொழில். ‘மென்பொருள் பொறியாளர்’ சரி. ‘சமூக ஆர்வலர்’, ‘வரி செலுத்துபவர்’, ‘மனைவி’ போன்றவை நிலைகளே தவிரத் தொழில் அல்ல என்று தள்ளிவிடுவார்கள். ‘சிறந்த’, ‘நிபுணர்’ போன்ற புகழ்ச்சிச் சொல் கூடாது. ‘முன்னாள்’ கூடாது. ‘ஓய்வுபெற்ற’ என்பது தொழிலுக்கு முன்னால் மட்டுமே வரலாம். இரண்டு தொழில் உண்மையாகவே இருந்தால் சாய்கோடு போட்டுப் பிரிக்கலாம். ‘சமூகத் தன்னார்வலர்’ என்பது தன்னார்வப் பணியே முழுநேர வேலையாக இருப்பவருக்கு மட்டும். வேறு தொழிலோடு சேர்க்க முடியாது. விவரத் தாளைக் கொடுக்க மறந்தால் அந்த இடம் வெறுமையாக அச்சாகும். எழுதியதை அலுவலகம் நிராகரித்தால் மாற்று சொல்ல மூன்று நாளே தருவார்கள். ஆகவே இரண்டாவது தேர்வையும் சட்டைப்பையில் வைத்திருங்கள்.

அடுத்தது வாக்காளர் கையேட்டில் வரும் அறிமுகப் பத்தி. 200 சொல், சில மாவட்டங்களில் 400 அனுமதி உண்டு. உங்கள் கையிலிருந்து போகும் பணத்தில் இதைவிடப் பயன்தருவது வேறில்லை. எல்லா வாக்காளர் வீட்டுக்கும் அரசாங்கமே கொண்டுபோய்க் கொடுக்கிறது. செலவு வாக்காளர் எண்ணிக்கையையும் மொழிகளையும் பொறுத்து மாறும். சிறிய மாவட்டத்தில் சில நூறு டாலர், பெரிய மாவட்டத்தில் ஆயிரங்கள். கவுண்டியின் வேட்பாளர் கையேட்டில் மாவட்ட வாரியாக மதிப்பீடு இருக்கும். முன்கூட்டியே கட்ட வேண்டும்; அச்சுக்குப்பின் உண்மைச் செலவு கூடினால் மீதியையும் கேட்பார்கள். பணவசதி இல்லாதவர் பிறகு கட்ட விண்ணப்பிக்கலாம்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை: கட்சியின் பெயரோ, கட்சி அமைப்பில் உங்கள் பொறுப்போ வரக் கூடாது. எதிர் வேட்பாளரைப் பற்றி ஒரு வார்த்தையும் கூடாது. தடித்த எழுத்து, புள்ளிப் பட்டியல் போன்றவற்றைப் பல கவுண்டிகள் ஏற்காது. சொல் எண்ணிக்கைக்குத் தனி விதி உண்டு. எண்ணை இலக்கத்தில் எழுதினால் ஒரு சொல், எழுத்தில் விரித்தால் ஒவ்வொன்றும் தனித்தனி. ஊர்ப்பெயர், இணைய முகவரி ஒவ்வொன்றும் ஒரே சொல். கொடுத்தபின் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. வேண்டாமென்றால் மனுக்காலம் முடிந்த மறு வேலைநாள் மாலைக்குள் முழுவதையும் திரும்பப் பெறலாம், அவ்வளவே.

உள்ளடக்கத்தில் வழக்கமான பிழை, முதல் எண்பது சொல்லைப் பட்டங்களிலும் வேலை செய்த நிறுவனங்களிலும் செலவழிப்பது. வாக்காளர் தேடுவது மூன்று விஷயம்: எவ்வளவு காலமாக இந்த ஊர், பள்ளிகளோடு என்ன தொடர்பு, போனால் எதைச் செய்வார். பட்டத்துக்கு ஒரு வரி போதும். ஆதரவு தெரிவித்தவர் பெயர்களைப் போடுவதென்றால் அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். மனுக்காலம் முடிந்ததும் பத்து நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். பொய் என்று யாராவது நிரூபித்தால் நீதிமன்றம் வரியை அடித்துவிடும்.

பணமும் படிவங்களும்

எஃப்பிபிசி என்ற மாநில அரசியல் நடைமுறை ஆணையத்தின் படிவ எண்கள் முதலில் மிரட்டும். வரிசை தெரிந்தால் எளிது.

படிவம் 501 முதலில். ஒரு டாலர் கேட்பதற்கு முன்பும், சொந்தப் பணத்தில் ஒரு டாலர் செலவழிப்பதற்கு முன்பும் இதைக் கவுண்டி அலுவலகத்தில் கொடுத்திருக்க வேண்டும். அறிமுகப் பத்திக் கட்டணம் மட்டும் விதிவிலக்கு. நண்பர் வீட்டு விருந்தில் “நிற்கப்போகிறேன், உதவுங்கள்” என்று சொல்லி முதல் காசோலையை வாங்குவது இந்தப் படிவத்துக்குப் பிறகுதான்.

அடுத்து 2,000 டாலர் கோடு. ஓர் ஆண்டில் வரவோ செலவோ 2,000 டாலருக்குக் கீழேயே இருக்கும் என்றால் படிவம் 470 ஒன்றே போதும். தனி அறிக்கைகள் வேண்டாம். அறிமுகப் பத்திக்குச் சொந்தப் பணத்தில் கட்டியது இந்தக் கணக்கில் சேராது. சின்ன ஏரியாவில் இந்த வழியில் வென்றவர்கள் உண்டு. கோட்டைத் தாண்டினால் பத்து நாளுக்குள் படிவம் 410 கொடுத்து, பிரசாரப் பணத்தைக் கையாளும் தேர்தல் குழு ஒன்றைப் பதிய வேண்டும். தாண்டப்போவது உறுதி என்றால் முன்பே ‘இன்னும் தகுதி எட்டவில்லை’ என்ற கட்டத்தைக் குறித்து அனுப்பி, அடையாள எண் வாங்கிவிடுங்கள். குழுவின் பெயரில் உங்கள் குடும்பப் பெயர், பதவி, ஆண்டு மூன்றும் இருக்க வேண்டும். குழுவுக்கு ஆண்டுக்கு 50 டாலர் கட்டணம். பொருளாளர் இல்லாத நாளில் பணம் வாங்கவும் கூடாது, செலவழிக்கவும் கூடாது. நீங்களே பொருளாளராகவும் இருக்கலாம். ஆனால் அக்டோபரில் இரவு பதினோரு மணிக்கு விரிதாளோடு உட்காரும் பொறுமை உள்ள ஒரு நண்பரைப் பிடிப்பது மேல்.

வங்கிக் கணக்குத் திறக்க வருமான வரித்துறை தரும் இஐஎன் என்ற அடையாள எண் கேட்பார்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். சில கிளைகளில் அரசியல் குழுக் கணக்கு திறக்கத் தெரிந்தவர் இருக்க மாட்டார், இரண்டு வாரம் இழுக்கும். ஜூலையிலேயே போய்விடுங்கள். குழு பதிந்தபின் உங்கள் சொந்தப் பணமும் இந்தக் கணக்கில் விழுந்துதான் செலவாக வேண்டும். கடன் அட்டையில் பலகை வாங்கிவிட்டுப் பிறகு கணக்கு எழுதிக்கொள்ளலாம் என்பதே தணிக்கையில் மாட்டும் முதல் பிழை. திரும்ப எடுக்கும் எண்ணம் இருந்தால் ‘நன்கொடை’ என்று எழுதாமல் ‘கடன்’ என்று எழுதுங்கள்.

நன்கொடையாளர் விவரம்: 25 டாலர் முதல் பெயர், முகவரி, 100 டாலர் முதல் தொழிலும் வேலை செய்யும் நிறுவனமும். ரொக்கம் 100 டாலரும் அதற்கு மேலும் வாங்கக் கூடாது. செல்லிடப்பேசிச் செயலியில் பணம் அனுப்புவோர் வெறும் பெயரோடு அனுப்பிவிடுவார்கள். 100 டாலரோ அதற்கு மேலோ தந்தவரின் மற்ற விவரங்கள் 60 நாளுக்குள் கிடைக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ஆகவே நன்கொடை கேட்கும் செய்தியிலேயே சிறு படிவத்தின் இணைப்பை வையுங்கள். ஆகஸ்ட் 5 முதல் ஒரே மூலத்திலிருந்து மொத்தம் 1,000 டாலர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் படிவம் 497. நீங்களே உங்கள் குழுவுக்குப் போடும் பணத்துக்கும் இது பொருந்தும். பலர் இதில்தான் வழுக்குகிறார்கள். முழுக் கணக்கு அறிக்கை படிவம் 460. தாமதமானால் நாளுக்கு 10 டாலர் அபராதம்.

வெளிநாட்டவர் பணம் உள்ளாட்சித் தேர்தலுக்கும் கூட்டாட்சிச் சட்டப்படி முழுத் தடை. கிரீன் கார்டு உள்ளவர் தரலாம். எச்1பி விசாவில் இருக்கும் நண்பர் தரக் கூடாது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் மாமா ஆசையோடு அனுப்பும் நூறு டாலரும் கூடாது. விசாவில் இருப்பவர் சம்பளமில்லாமல் துண்டறிக்கை விநியோகிக்கலாம், ஆனால் செலவு முடிவுகளில் பங்கெடுக்கக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் பொதுவாக நன்கொடை கேட்பதற்கு முன் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று யோசியுங்கள்.

எத்தனை வாக்கு வேண்டும்?

இங்கே இரண்டாம் சுற்று கிடையாது. அதிக வாக்கு பெற்றவர் வென்றார். கவுண்டி இணையதளத்தில் முந்தைய தேர்தல்களின் வாக்குச்சாவடி வாரியான முடிவுகள் இருக்கும். அதிபர் தேர்தல் ஆண்டோடு ஒப்பிடாதீர்கள், வாக்குப்பதிவு அப்போது கூடும். 2026க்கு 2022தான் அளவுகோல். ஓர் உதாரணக் கணக்கு: ஏரியாவில் 12,000 வாக்காளர், 60 சதவீதம் பேர் வாக்குச்சீட்டைத் திருப்பினால் 7,200. பள்ளி வாரியம் சீட்டின் அடியில் இருக்கும். ஐந்தில் ஒருவர் அதைத் தொடாமல் விட்டால் சுமார் 5,800. மூன்று பேர் போட்டியில் 2,300 அளவில் வாக்கு வாங்கினால் வெல்ல வாய்ப்புண்டு. இதில் தமிழ் வாக்காளர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். எந்த ஏரியாவிலும் அந்த எண்ணிக்கை மட்டும் போதாது. கூட்டத்துக்கு வந்து கைதட்டுகிற நண்பர்களில் பாதிப் பேர் வேறு ஏரியாவில் வாக்காளராக இருப்பார்கள், இன்னும் சிலர் குடியுரிமைக்குக் காத்திருப்பார்கள்.

தேர்தல் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்து வாக்காளர் பட்டியலை வாங்குங்கள். கடைசி நான்கு தேர்தல்களில் மூன்றிலாவது வாக்களித்தவர்களைப் பிரித்தெடுத்து அவர்கள் கதவை முதலில் தட்டுங்கள். ஒருவர் ஒரு மணி நேரத்தில் 12 முதல் 15 கதவு தட்டலாம். நான்கைந்து வீட்டில் ஆள் வெளியே வருவார். சனிக்கிழமை காலை பத்துக்கு மேல், வார நாளில் மாலை ஐந்தரை முதல் இருட்டும் வரை. வேட்பாளரே வருவதற்கு ஈடு எதுவுமில்லை. நின்று விவாதம் செய்யாதீர்கள், இரண்டு நிமிடம் கேளுங்கள், அட்டையில் குறியுங்கள், அடுத்த வீடு. அக்டோபர் 5க்குள் முதல் சுற்று முடிய வேண்டும். அதன் பிறகு யார் வாக்குச்சீட்டைத் திருப்பினார்கள் என்ற பட்டியலையும் கவுண்டி தரும். திருப்பாதவர்களிடம் மட்டும் போனால் போதும்.

துண்டறிக்கையைத் தபால் பெட்டிக்குள் போடாதீர்கள். தபால்தலை இல்லாத எதையும் அதற்குள் போடுவது கூட்டாட்சிச் சட்ட மீறல். கதவுக் கைப்பிடியில் மாட்டுங்கள். 200க்கு மேல் ஒரே மாதிரியான தபால் அல்லது மின்னஞ்சல் அனுப்பினால் யார் பணத்தில் என்ற வரி அதில் இருக்க வேண்டும். தெருமுனைப் பலகைகளுக்கு ஒவ்வொரு நகரிலும் விதி வேறு. மாநில நெடுஞ்சாலையில் தெரியும் பலகையென்றால் தேர்தலுக்கு 90 நாள் முன்பிலிருந்து மட்டுமே, 10 நாளுக்குள் அகற்றவும் வேண்டும். பலகைகள் வாக்கைப் பெரிதாகக் கூட்டுவதில்லை. தொண்டர்களுக்கு உற்சாகம், எதிரணிக்குப் பிடுங்கிப்போட வேலை, நூறு போதும்.

ஆதரவுக் கடிதங்களில் ஆசிரியர் சங்கத்தினுடையது கனமானது. அவர்கள் கேள்வித்தாளும் நேர்காணலும் பல ஊர்களில் கோடையிலேயே முடிந்துவிடும். நீங்கள் நிற்கப்போவது அவர்களுக்குத் தெரியாவிட்டால் அழைப்பும் வராது.

எங்கே பிரசாரம் செய்யக் கூடாது

பள்ளி மாவட்டத்தின் பணமோ, மின்னஞ்சலோ, நகல் இயந்திரமோ எந்த வேட்பாளருக்கும் பயன்படக் கூடாது. வகுப்புப் பெற்றோரின் மின்னஞ்சல் பட்டியல் உங்களிடம் இருக்கிறது என்பதற்காக அதில் “எனக்கு வாக்களியுங்கள்” என்று அனுப்பினால் இரண்டே நாளில் புகார் போய்விடும். பெற்றோர் ஆசிரியர் சங்கம், தமிழ்ப் பள்ளி, தமிழ் மன்றம் ஆகியவை பெரும்பாலும் வரிவிலக்குப் பெற்ற அறக்கொடை அமைப்புகள். எந்த வேட்பாளரையும் ஆதரிக்க அவற்றுக்குத் தடை உண்டு. ஆண்டு விழா மேடையில் உங்களை மட்டும் ஏற்றி “நம்ம ஆள்” என்று அறிமுகப்படுத்தினால் பாதிப்பு அந்த அமைப்பின் வரிவிலக்குக்குத்தான். எல்லா வேட்பாளரையும் சமமாக அழைத்து ஒரு கேள்விபதில் மன்றம் நடத்தலாம். நிர்வாகிகள் தங்கள் சொந்தப் பெயரில், சொந்த நேரத்தில் ஆதரவு தெரிவிக்கலாம்.

எண்ணிக்கை தொடங்கிய பிறகு

முதல் இரவு முடிவை நம்பி இனிப்பு வாங்கவும் வேண்டாம், மனம் உடையவும் வேண்டாம். தபாலில் பின்னால் வந்த சீட்டுகளின் எண்ணிக்கை வாரக்கணக்கில் நடக்கும். சில நூறு வாக்கு வித்தியாசம் புரள்வது வழக்கம். கையொப்பம் பொருந்தாமல் நிறுத்திவைத்த சீட்டுகளைச் சரிசெய்ய வாக்காளருக்கு வாய்ப்பு தருவார்கள். நெருக்கமான போட்டியென்றால் உங்கள் ஆதரவாளர்களை அழைத்து, தங்கள் சீட்டின் நிலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வென்றுவிட்டால், பதவியேற்கும் முன்பே திறந்த கூட்டங்களுக்கான பிரவுன் சட்டம் உங்களைக் கட்டும். ஐவர் வாரியத்தில் மூவர் சேர்ந்து ஒரு விஷயத்தைத் தொலைபேசியிலோ வாட்ஸ்அப்பிலோ பேசினாலும், ஒருவர் மூலம் இன்னொருவருக்குச் செய்தி போனாலும், அது சட்டவிரோதக் கூட்டம். வாழ்த்துச் சொல்ல அழைக்கும் சக உறுப்பினரிடம் நிகழ்ச்சி நிரலைப் பற்றிப் பேசாமல் இருக்கப் பழகுங்கள். பதவியேற்ற 30 நாளுக்குள் மீண்டும் படிவம் 700. கலிஃபோர்னியா பள்ளி வாரியங்கள் சங்கம் புதியவர்களுக்கு நடத்தும் வகுப்புகளின் செலவைப் பல மாவட்டங்கள் ஏற்கின்றன; பட்ஜெட் வகுப்பைத் தவற விடாதீர்கள்.

தோற்றாலும் குழு தானாக மூடிக்கொள்ளாது. கணக்கில் மீதமுள்ள பணத்தைச் சட்டம் அனுமதிக்கும் வழியில் தீர்த்து, கடைசி 460ஐக் கொடுத்து, 410 படிவத்தையே மீண்டும் நிரப்பி ‘முடிவு’ என்ற கட்டத்தைக் குறித்து அனுப்ப வேண்டும். டிசம்பர் 31க்குள் செய்யாவிட்டால் அடுத்த ஆண்டுக்கும் 50 டாலர் கட்டணமும் அரையாண்டு அறிக்கைகளும் தொடரும்.